வலப்பக்கம்

ஆண்ட்ரோஸ் தீவில் ஜனவரிக் குளிர். முழங்காலளவு நீரில் லெவர்டி கழி ஊன்றிப் படகைத் தள்ளிக்கொண்டிருந்தான். மீனைப் பிடித்துவிட்டுத் திரும்ப விடும் விளையாட்டுக்காக வந்து, முன்னால் நின்ற அமெரிக்கர் கிளென் தூண்டில் வீசி ஒரு போன்ஃபிஷ் பிடித்தார்.

"உசுரோட விட்டுடுப்பா. நேத்து மாதிரி சாகடிச்சுடாத," என்றார்.

நேற்றைய மீன் தூண்டில் முள்ளை விழுங்கிச் செத்துவிட்டது. அதைக் கடலில் போட்டால் சுறா வரும் என்று லெவர்டி வீட்டுக்குக் கொண்டுபோனான். இன்று காலை மனைவி ஐவா எலுமிச்சையும் மிளகாயும் போட்டு அவித்தாள். அதன் வலப்பக்கத்தைத் தின்றுவிட்டுத்தான் வந்திருந்தான்.

பிடித்த மீனுக்குத் தெம்பு வரும்வரை நீருக்குள் தாங்கிப் பிடிப்பது படகோட்டியின் வேலை. லெவர்டி கையை நீருக்குள் விட்டான். தண்ணீர் சில்லென்றிருந்தது. மீன் சுட்டது. அதன் கண் வெந்து வெளுத்திருந்தது. கொழகொழப்போடு எலுமிச்சை வாடையும் கையில் ஒட்டியது. புரட்டிப் பார்த்தான். வலப்பக்கம் வெறும் எலும்பு. அதன் மேல் முட்கரண்டி கீறிய கோடுகள்.

"என்னப்பா, முத்தம் குடுத்துதான் அனுப்புவியா?"

"விட்டுட்டேன் பாஸ்."

மீன் வாலாட்டிக்கொண்டு போனது. லெவர்டி படகோரம் குனிந்து, தின்றதையெல்லாம் கக்கினான்.

"அசையாத," என்று கிளென் கிசுகிசுத்தார். "அந்தா, வால் தெரியுது."

அதே மீன்தான் திரும்பி வந்திருந்தது. வால் நீருக்கு மேல் பளபளக்க, தலையைக் கவிழ்த்து, அவன் கக்கிய வெள்ளைத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கியது. மிளகாயை மட்டும் ஒதுக்கிவிட்டது.