செவ்வாய் மலைகள் மீது ஒரு பெட்டிசம்

"சேர், இந்த மல எந்த டிஸ்ட்ரிக்ல ஈக்கி?"

பொலிஸ் இன்ஸ்பெக்டர் சிங்களவர், அக்குறணை முஸ்லிம் கடைவீதியில் கடமை செய்தபோது தமிழ் பழகியவர். மேசையில் விரித்திருந்த வரைபடத்தில் அவருடைய விரல் ஒரு மலையைத் தொட்டுக்கொண்டு நின்றது. எதிரே நின்ற இராஜரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது செவ்வாய்க் கிரகத்தில இருக்கு, ஐயா."

"உயரம்?"

"இருபத்தொரு கிலோமீற்றர்."

இன்ஸ்பெக்டர் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார். "அங்க யாரு ஈக்கிற?"

"ஒருத்தரும் இல்லை."

"ஒருத்தரும் இல்லாத மலைக்கி என்னத்துக்கு சேர் அளவு?"

கேள்வி நியாயமானதுதான். அது இரண்டாயிரமாம் ஆண்டு, யுத்த காலம். ஒரு தமிழரின் மேசையில் மலைகளின் உயரம் குறித்த வரைபடம், அதுவும் லேசர் கதிரால் அளந்தது. ஆளை உள்ளே தள்ள இதில் பாதியே போதும்.

குண்டசாலையில் இருந்த அந்த ஆய்வு நிலையத்தில் இராஜரத்தினம் தரவுக் காப்பாளர். செவ்வாயைச் சுற்றிவரும் விண்கலம் ஒன்று தரையை நோக்கி லேசர் கதிரை விடும். கதிர் திரும்பிவர எடுக்கும் நேரத்தை வைத்து மேடு பள்ளங்களைக் கணக்கிடுவார்கள். அந்த அளவுகள் வெளிநாட்டிலிருந்து சீடிகளில் வந்து சேரும். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு சீடி. நாட்டில் இருந்தது அந்த ஒரு செட்தான். அதை நம்பி ஆறு பேர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். இன்டர்நெட்டில் இறக்கலாமே என்று கேட்காதீர்கள். அன்றைய டெலிபோன் லைனில் இறக்கி முடிப்பதற்குள் ஆறு பேரும் பென்ஷன் எடுத்திருப்பார்கள்.

சீடிகள் இருந்த அறையோ ஒழுகல் அறை. மகாவலி ஆற்றுப் பக்கத்து ஈரத்தில் ஒன்பது சீடிகள் பூஞ்சணம் பிடித்துப் போய்விட்டன. இன்னொரு மழைக்காலத்தை மற்றவை தாங்காது என்று இராஜரத்தினம் சொல்லாத நாளில்லை. ஏசி வேண்டும் என்று கேட்டால் பணிப்பாளர் சிரிப்பார். மனிதருக்கே மின்விசிறி இல்லாத இடத்தில் கிரகத்துக்கு ஏசியா என்பார்.

இந்த லட்சணத்தில்தான் எவனோ ஒரு படுபாவி, பெயர் வைக்காமல் புகார் எழுதி, பொலிசுக்கு மொட்டைப் பெட்டிசம் போட்டிருந்தான்.

சீடிகள் முழுவதையும் கொண்டுபோகப் போவதாக இன்ஸ்பெக்டர் சொன்னதும் உதவிக் காப்பாளர் செசிலியா கதவை மறித்து நின்றுகொண்டார். இருபது வருடமாக இராஜரத்தினத்தோடு ஒரே அறையில் வேலை செய்பவர். பயம் என்பது பெயருக்கும் கிடையாது. சண்டை பிடித்துப் பார்த்தார், சட்டம் பேசிப் பார்த்தார். இராஜரத்தினம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வெயில்ல வைக்காதேங்கோ, ஐயா. அடுக்கு மாறாமல் எடுங்கோ."

"பயப்பட வாணாம், சேர். பெட்டிசத்திலயும் அப்பிடித்தான் எழுதி ஈக்கி. ஈரம் பட்டா சாட்சி அழிஞ்சி போகுமாம். ஏசி ரூம்ல வெக்கணுமாம்."

செசிலியாவுக்கு வயிறு எரிந்தது. கெடுக்கிறவன் எவ்வளவு விபரமாகக் கெடுக்கிறான் என்று பல்லைக் கடித்தார்.

சீடிகளோடு இராஜரத்தினத்தையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். காலையிலிருந்து பின்னேரம் வரை விசாரணை. செசிலியா வெளியே மர வாங்கில் உட்கார்ந்து புனித அந்தோனியாரிடம் அவருக்காக மன்றாடினார். நடுநடுவே பெட்டிசக்காரனின் பரம்பரையையே திட்டினார். கடைசியில் வெளியே வந்த மனிதரின் சட்டை வியர்வையில் தொப்பலாக இருந்தது. அந்தக் கோலத்தைப் பார்த்து செசிலியாவுக்கு அழுகை வந்துவிட்டது.

சீடிகள் போன மூன்றாம் வாரம் பெய்த மழையில் அறையின் கூரை பாதி இறங்கியது. சீடிகள் அடுக்கியிருந்த வெறும் இறாக்கைகள்தான் நனைந்தன. பணிப்பாளர் ஓடிவந்து பார்த்துவிட்டு, நல்லகாலம் பொலிஸ் கொண்டுபோனது என்று தலையில் கைவைத்தார்.

அடுத்த மாதம் பொலிசிலிருந்து அழைப்பு வந்தது. இராஜரத்தினமும் செசிலியாவும் போனார்கள். சான்றுப் பொருள் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சிய இருநூற்றைந்து சீடிகளும் இலக்கமிட்டு, முத்திரை வைத்து, இரும்பு அலுமாரியில் இருந்தன. கொழும்புத் தலைமையகத்துக்கு ஒன்று, மாகாணப் பொலிஸ் அலுவலகத்துக்கு ஒன்று என்று இரண்டு முழுப் பிரதிகளும் எடுத்திருந்தார்கள். மலைகள் யாருடையவை என்று கொழும்பு சொல்லும்வரை வழக்கை மூட முடியாதாம். அதுவரை ஆராய்ச்சியாளர்கள் வெள்ளிக்கிழமைகளில் அடையாள அட்டையோடு வந்து பார்க்கலாம் என்று அனுமதிக் கடிதம் கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, புதிதாக மலை ஏதும் வந்ததா என்று ஆசையோடு விசாரித்தார்.

திரும்பும்போது பஸ்ஸிலும் செசிலியாவுக்கு ஆறவில்லை.

"என்ன நல்லது நடந்தாலும் அந்தப் பெட்டிசக்காரனை நான் மன்னிக்க மாட்டன், சேர். உங்களை அந்த வாசல்படி ஏத்தினவன் நல்லா இருப்பானோ?"

"விடுங்கோ, செசிலியா. அவனுக்கும் ஏதாவது அவதி இருந்திருக்கும்."

இப்படியும் ஒரு மனிதரா என்று செசிலியா உருகிப்போனார்.

அலுவலகத்துக்கு வந்ததும் அனுமதிக் கடிதத்தைப் போட்டுவைக்க 'பொலிஸ்' என்று புதுக் கோப்பு ஒன்று திறக்கப் போனார். அலுமாரியில் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தது. திறந்த திகதி, இன்ஸ்பெக்டர் வந்த நாளுக்கு ஏழு நாள் முந்தியது.

உள்ளே ஒரேயொரு தாள், கார்பன் பிரதி. "ஐயா, குண்டசாலையில் ஒரு தமிழர் மலைகளின் உயரங்களை ஒளித்து வைத்திருக்கிறார்..." என்று தொடங்கிய அதன் அடியில் பெயர் இல்லை, மூலையில் மட்டும், செசிலியா இருபது வருடமாகப் பார்த்துப் பழகிய இராஜரத்தினத்தின் குண்டு எழுத்தில், "மொட்டைப் பெட்டிசம். பிரதி 1. ஈரம் படாமல் பாதுகாக்கவும்" என்று எழுதியிருந்தது.