கிரயமா, வாடகையா?

“வாங்கினா சாவு, தலைவரே. வாடகைன்னா தப்பிச்சோம்.”

நாலாவது வார்டு கொளஞ்சியப்பன் எழுந்து இப்படிச் சொன்னதும், கொத்தவாசல்பேட்டை பேரூராட்சி மன்றத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த மற்ற பதினாலு பேரும் டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

கார்த்திகை மழையில் பழைய அலுவலகத்தின் கூரை பிளந்துவிட்டது. செயல் அலுவலரின் மேஜை டிராயரில் கெளுத்தி மீன் குஞ்சு பொரித்ததாக ஊரில் சொல்வார்கள். அது பொய். விரால்.

அதனால்தான் இந்த அவசரக் கூட்டம். கடைத்தெருவிலிருக்கும் தில்லையம்மாளின் வீட்டைக் கிரயம் வாங்குவதா, முன்கட்டை மட்டும் வாடகைக்கு எடுப்பதா?

வாங்குவதென்றுதான் பேச்சு. கிளார்க் நேற்றே தீர்மானத்தை மினிட் புக்கில் எழுதி வைத்துவிட்டார். கையெழுத்துதான் பாக்கி. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற கெட்ட பழக்கம் அந்த மன்றத்தில் யாருக்கும் கிடையாது.

வராந்தாவில் தில்லையம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு வெளுத்திருந்தது. பக்கத்தில், சென்னையிலிருந்து வந்த மகன் கதிரவன். அம்மாவிடம் ரேகை வாங்கிய சம்மதக் கடிதம் அவன் கையில்.

“என்னா தம்பி, எழுதிடுவாங்களா?”

“சும்மா இரும்மா. நூறு தடவை கேக்காத.”

உள்ளே தலைவர் இளவரசு கேட்டார். “என்னா மாமா சொல்றீங்க?”

“அந்த வீட்டுல உத்திராபதி இருக்கான்.”

“அந்தம்மா வீட்டுக்காரரா? அவரு செத்து அஞ்சு வருஷமாச்சே!”

“அதான் சொல்றேன். இருக்கான்.”

ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் முப்பது வருஷம் பத்திரம் எழுதியவர் உத்திராபதி. கொளஞ்சியப்பனும் அவரும் ஒரே பெஞ்சில் படித்த கூட்டாளிகள்.

“வாடகைக்காரனை அவன் ஒண்ணும் பண்ண மாட்டான். ஆனா கிரயம்னா ஆவாது. போன தையில குறிஞ்சிப்பாடி மண்டிக்காரரு ஒருத்தரு வெலை பேச வந்தாரு. வாசப்படியில பேனாவைத் தொறந்தாரு. மூடி ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம். வாய் கோணிப்போச்சு. இன்னிக்கும் காபி குடிச்சா காது வழியா வருது!”

ஒருவர் சிரிக்கப் பார்த்தார். நேரம் பார்த்து இரண்டு மணி கரண்ட் கட். ஃபேன் நின்றது. ஜன்னல் கதவு படாரென்று அடித்தது. சிரிக்க வந்தவர் இருமினார்.

“வெலையைக் கொறைச்சு இந்தக் கொளஞ்சியப்பனே வீட்டை அமுக்கப் பாக்குறான்,” என்று பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு. “பாவம், அந்தப் பொம்பளை வாயில மண்ணு.”

“நான் வேதக்காரி. பேய்க்கெல்லாம் பயப்பட மாட்டேன்,” என்றார் ஏழாவது வார்டு சவரியம்மாள். சொல்லிவிட்டு மூன்று தடவை சிலுவை போட்டுக்கொண்டார். “ஒரே ஒரு சந்தேகம். பேரூராட்சி வாங்கினா ஓனர் யாரு?”

“அடியில யாரு யாரு கையெழுத்துப் போடறாங்களோ, அவுங்கதான்,” என்றார் கொளஞ்சியப்பன்.

மேஜை மேலிருந்த கைகளெல்லாம் மடிக்குள் போயின.

இளவரசு கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “இது சயின்ஸ் காலம்...” என்று ஆரம்பித்தவர் ஜன்னலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். “சரி சரி, வாடகைன்னே மாத்திடுங்க. கிரயம்ங்கிற வார்த்தையை அடிச்சிடுங்க.”

“அடிச்ச எடத்துல இனிஷியல் வேணுங்களே,” என்றார் கிளார்க்.

“யாரு போடணும்?”

“தலைவர்தான்.”

“கிரயத்துக்குப் பக்கத்துல என் பேரா? யோவ், அடிச்சுட்டா அவரு படிக்க மாட்டாரா? முப்பது வருஷம் அடிச்சல் திருத்தல் பாத்த ஆளுய்யா!”

கடைசியில் அந்தப் பக்கத்தையே பசை தடவி ஒட்டிவிட்டு, புதுப் பக்கத்தில் எழுதினார்கள். முன்கட்டு வாடகைக்கு; பின்கட்டில் வீட்டுக்காரம்மா இருந்துகொள்ளலாம். அந்த மன்றத்து உறுப்பினர்கள் ஒரு தீர்மானத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டது அன்றைக்குத்தான். சிலர் இரண்டு தடவை படித்தார்கள்.

வெளியே வந்த கொளஞ்சியப்பன் மேல் தில்லையம்மாள் ஒரு பிடி மண்ணை வாரித் தூற்றினாள்.

“என் புருஷனைப் பேயின்னு சொன்ன வாயி புழுத்துப் போவும்! நீயெல்லாம் ஒரு கூட்டாளியா?”

கொளஞ்சியப்பன் தலை குனிந்து நின்றார்.

“நல்லா வேணும்,” என்றது ஊர்.

கதிரவன் கடிதத்தைக் கசக்கி எறிந்தான். “போச்சு. இனிமே இந்த வீட்டை எவன் வாங்குவான்? முதியோர் ஹோமுல உனக்குச் சொல்லி வெச்ச எடமும் வேஸ்ட்டு. இங்கியே கெட.”

பையை எடுக்கக்கூட வீட்டுப் பக்கம் போகவில்லை. நேரே கடலூர் பஸ்ஸில் ஏறிவிட்டான்.

பஸ் கண்ணை விட்டு மறைகிற வரைக்கும் தில்லையம்மாள் திட்டிக்கொண்டேயிருந்தாள். கூட்டமும் கலைந்தது. பிறகு மெல்ல கொளஞ்சியப்பனிடம் வந்து, அவர் துண்டில் கிடந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

அவர் அழுதுகொண்டிருந்தார். “என் உத்திராபதியைப் பேயாக்கிட்டேனேம்மா...”

“நான்தானேண்ணே உங்களை அப்படிச் சொல்லச் சொன்னேன்,” என்றாள் தில்லையம்மாள். “உசிரோட இருந்தப்ப பெத்த புள்ளகிட்ட எனக்காக ஒரு வார்த்தை பேசாத மனுஷன். செத்த பொறவாவது பேசட்டும்.”