பாதிப் பாதி

"சார், இன்னிக்கு என் சம்சாரம் ஏறணும். நீங்க கொஞ்சம் இறங்கறீங்களா?"

கணக்கு வாத்தியார் பணிவாகத்தான் கேட்டார். விமானத்தின் வலது சீட்டில் உட்கார்ந்திருந்த இரும்புக்கடைக்காரர் அசைந்தால்தானே! பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார்.

"அம்மா அப்புறம் ஏறட்டும் வாத்தியாரே. முதல்ல நாம போயிட்டு வந்துடலாம். பெட்ரோல் பாதிப் பாதி."

பறக்கும் கிளப்பில் அவருக்குப் பெயரே அதுதான். பாதிப் பாதி. ஹெட்செட்டுக்குப் பேட்டரி வாங்கினால்கூடப் பாதிப் பாதி. மனுஷன் அப்படி ஒரு சிக்கனம்.

அந்தப் பழைய ரெண்டு சீட் விமானத்தை மூன்று பேர் கூட்டாக வாங்கியிருந்தார்கள். பல் டாக்டர், இரும்புக்கடைக்காரர், வாத்தியார். டாக்டருக்குப் பணத்துக்குப் பஞ்சமில்லை, வாராவாரம் பறப்பார். வாத்தியார் பாவம், டியூஷன் காசில் ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் தலைகாட்டினால் பெரிய விஷயம்.

அப்போதுதான் பாதிப் பாதி வந்து ஒட்டிக்கொண்டார். "நீங்க தனியா, நான் தனியான்னு எதுக்குப் போகணும்? சேர்ந்தே போவோம், செலவைப் பிரிச்சுக்குவோம்."

அதிலிருந்து வாத்தியாரும் வாராவாரம் பறக்கிறார். அதை இல்லையென்று சொல்ல முடியாது.

ஆனால் அந்தாள் படுத்துகிற பாடு இருக்கிறதே, அப்பப்பா! இடது சீட்டில் உட்கார்ந்து ஓட்டவே மாட்டார். "ஓட்டறது உங்க வேலை, வேடிக்கை பார்க்கறது என் வேலை" என்பார். சரி, கடல் பக்கம் ஒரு சுற்று போகலாமா என்றால் அதற்கும் தடா.

"ஊர் சுத்தினா பெட்ரோல் வீண். இங்கயே ஏறுங்க, இங்கயே இறங்குங்க."

இறங்கும்போது கொஞ்சம் குலுங்கினால் போச்சு. "ம்ஹூம், என் காசுக்கு இது பத்தாது. இன்னொரு தரம் இறக்குங்க." புடவைக் கடையில் எதைக் காட்டினாலும் உதட்டைப் பிதுக்குவார்களே, அந்த மாதிரி.

அதையெல்லாம்கூட வாத்தியார் பொறுத்துக்கொண்டார். இன்றைக்குத்தான் வயிறு எரிந்தது. அவர் மனைவி சரியான பயந்தாங்கொள்ளி. எத்தனையோ மாசம் கெஞ்சிக் கூத்தாடி, இன்றுதான் சரியென்று வந்திருக்கிறாள். இப்போது திரும்பிப் போனால் அவ்வளவுதான், இந்த ஜென்மத்தில் ஏற மாட்டாள்.

வேலி ஓரம் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவள், "பரவாயில்லைங்க, இன்னொரு நாள் பார்த்துக்கலாமே" என்றாள். குரலில் நிம்மதி.

வாத்தியார் விறுவிறுவென்று டாக்டரிடம் போனார்.

"டாக்டர், இந்தாளோட பங்கை நாமளே வாங்கிக்கிட்டு அனுப்பி வச்சிடலாம். என்னால முடியாது!"

டாக்டர் சிரித்தார். "அனுப்பிடலாம். அதுக்கு முன்னாடி அவர் சொல்றபடி ஒரு சுத்து போயிட்டு வாங்க. உங்க வீட்டம்மா ஓடிப் போகாம நான் பேசிட்டு இருக்கேன்."

முணுமுணுத்துக்கொண்டே வாத்தியார் ஏறினார்.

விடாத மழையால் மூன்று வாரமாகப் பறக்கவே இல்லை. இறங்கும்போது சக்கரம் தரையில் மோதி, விமானம் எம்பி, மறுபடி மோதியது. வாத்தியாருக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. நல்லவேளை, அவள் உள்ளே இல்லை.

"இன்னொரு தரம்" என்றார் பாதிப் பாதி.

அடுத்தது கொஞ்சம் தேவலை.

"இன்னொரு தரம்."

இந்தத் தடவை, தூங்குகிற குழந்தையைப் படுக்கையில் கிடத்துகிற மாதிரி இறங்கினார் வாத்தியார்.

"இப்பத்தான் என் காசு செரிச்சுது" என்று பெல்ட்டைக் கழற்றினார் பாதிப் பாதி. அவரே வேலி வரைக்கும் நடந்து போய், "வாங்கம்மா, பயப்படாதீங்க. வாத்தியார் அருமையா ஓட்டறார்" என்று அழைத்து வந்து ஏற்றிவிட்டார்.

மேலே போனதும் முதலில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டவள், பிறகு ஒரு கண்ணைத் திறந்தாள். அப்புறம் ரெண்டையும். "ஏங்க, அதோ நம்ம மாடி! துணி காயுது பாருங்க!" என்று கத்தினாள். இறங்கியது அவளுக்குத் தெரியவே இல்லை. "அதுக்குள்ள வந்துட்டோமா?" என்று கேட்டபோது வாத்தியாருக்கு மனசு நிறைந்துவிட்டது.

பாதிப் பாதி கிளம்பிப் போயிருந்தார். டாக்டர் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன, அவரை அனுப்பிடலாமா?"

"இன்னிக்கு நல்லதுதான் பண்ணினார், ஒத்துக்கறேன். ஆனாலும் பாதிக் காசுல பறக்கணும்னுதானே டாக்டர் என்னைப் பிடிச்சுத் தொங்கறார்?"

"அவர் ஏன் ஓட்டறதே இல்லைன்னு யோசிச்சீங்களா?"

"வேறென்ன, கஞ்சத்தனம்தான்."

டாக்டர் துணியைக் கீழே வைத்தார். "சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கார். நீங்க அனுப்பணும்கறதால சொல்றேன். இதயத்துல கோளாறு. பைலட் லைசென்ஸுக்கான மெடிக்கல் டெஸ்ட்டுல தேறலை. இனிமே அவரால ஓட்டவே முடியாது."



"ஐயோ! அப்படின்னா உங்ககூட வரலாமே? நீங்க காசே கேட்க மாட்டீங்களே?"

"நானும் அப்பவே அதையேதான் சொன்னேன். வாராவாரம் சும்மாவே கூட்டிட்டுப் போறேன், வாங்கன்னேன். அதுக்கு என்ன சொன்னார் தெரியுமா? 'நீங்கதான் வாராவாரம் பறக்கறீங்களே டாக்டர், உங்களுக்கு நான் எதுக்கு? வாத்தியார் ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் வர்றார், கை துருப்பிடிச்சுப் போயிடும். என்னிக்காவது சம்சாரத்தை ஏத்திக்கிட்டுப் போவாரில்ல?'"