ஊருக்கு வெளியே ஒரு காணி

“ஏலாது எண்டு ஒரு சொல்லிலை முடிக்கிறியளே பிள்ளை! காணி என்ரை. உறுதி என்ரை பேரிலை. என்ரை காணியிலை ஒரு வீடு கட்ட ஏலாதோ?”

நாகமுத்து போட்ட சத்தம் அறைக்கு வெளியேயும் கேட்டிருக்கும். ஜெசிகா நிமிரவில்லை. பேர்லினைத் தாண்டி இருந்த அந்த மாவட்டக் கட்டட அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அது தெரியவந்த நாளிலிருந்து, காணி வாங்கிய தமிழர் எல்லாரும் அவள் முன்னால்தான் வந்து உட்கார்ந்தார்கள். தமிழில் கேட்டால் சட்டம் இளகிவிடும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

“காணி உங்கடைதான், அங்கிள். ஆனா அது ஊருக்கு வெளியாலை கிடக்கு. அங்கை கமம் செய்யிற ஆக்கள் மட்டும்தான் வீடு கட்டலாம்.”

“நானும் கமக்காரன்தான். போன வருசம் பூசணி மட்டும் பதினெட்டுக் கிலோ!”

“எத்தினை பூசணி?”

“ஒண்டு.”

“ஒரு பூசணிக்கு உங்களைக் கமக்காரன் எண்டு எழுத ஏலாது.”

“அப்ப அதையும் எழுதுங்கோ, ஏன் ஏலாது எண்டு.”

மனிதர் விடுவதாக இல்லை. நாலு ஆடு வளர்த்தால்? ஆடு மேயலாம், ஆள் குடியிருக்க ஏலாது. சில்லுப் பூட்டி இழுத்துக்கொண்டு போகிற வீடு என்றால்? சில்லு இருந்தாலும் வீடு வீடுதான். மண்வெட்டி வைக்கிற கொட்டில் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, உள்ளே கட்டில் போட்டால்?

“அதை என்னட்டையே வந்து சொல்லுறியளே, அங்கிள்!”

“சரி, அதுவும் ஏலாது எண்டு போடுங்கோ. ஒவ்வொண்டுக்கும் சட்ட இலக்கத்தையும் போடுங்கோ.”

முப்பத்திரண்டு வருடம் தெருக்களுக்குக் கல் பதித்தவர். இடது முழங்கால் மடியாது; காலை மேசைக்கு அடியில் நீட்டியபடிதான் உட்கார்ந்திருந்தார். விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்தன. அவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப ஜெசிகாவுக்கு மனம் வரவில்லை.

“உந்தக் காணியிலை உங்களுக்கு அவ்வளவு ஆசையோ?”

முதல் தடவையாக அவர் சத்தம் போடாமல் பேசினார். “சனி ஞாயிறு அங்கைதான் பிள்ளை. விடியப் போனா இருட்டத்தான் வீட்டை வருவன். எல்லாரின்ரை நிலத்தையும் கிண்டிப்போட்டன். எனக்கெண்டு கிண்டினது இது ஒண்டுதான்.”

ஜெசிகா கணினியில் வரைபடத்தைத் திறந்து பெரிதாக்கினாள். காணிக்கு இந்தப் பக்கம் ஊரின் கடைசி வீடு. அந்தப் பக்கம் இன்னும் மூன்று வீடுகள். இதுவரை யாரும் அவற்றை ஊரோடு சேர்த்துப் பார்த்ததில்லை. சேர்த்தால், நாகமுத்துவின் காணி ஊருக்கு வெளியே இல்லை. வீடுகளுக்கு நடுவில் கிடக்கிற வெறும் இடைவெளி. இடைவெளியில் கட்டலாம். போன மாதம் இதே மாதிரி ஒன்றுக்கு மேலதிகாரி சம்மதித்தும் இருக்கிறார்.

இந்தக் கதிரையில் வந்து உட்கார்ந்த ஆறு வருடத்தில் அவள் ஒரு தமிழருக்கும் ‘ஓம்’ சொன்னதில்லை. சொல்ல வாய்த்தபோது அவளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

“அங்கிள், ஒரு வழி இருக்கு. நான் எழுதினா மேலை ஒத்துக்கொள்ளுவினம். நீங்கள் வீடு கட்டலாம்.”

நாகமுத்துவின் முகம் வெளிறிப்போனது. சந்தோஷத்தில் சிலருக்கு அப்படி ஆகும் என்று நினைத்து, அவள் கிளாசில் தண்ணீர் வார்த்து நீட்டினாள்.

அவர் அதை வாங்கவில்லை. மேசையைப் பிடித்து எழுந்து, நொண்டி நொண்டிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“பிள்ளை, வெளியிலை வாங்கிலை குந்தியிருக்கிறவர் என்ரை மூத்த அண்ணை. என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு எடுத்தவர். தன்ரை மகனுக்கு என்ரை காணியிலைதான் வீடு கட்டவேணும் எண்டு நிக்கிறார். அவருக்கு முன்னாலை ‘இல்லை’ எண்டு சொல்ல எனக்கு இண்டைவரைக்கும் வாய் வந்ததில்லை. நீங்கள் எப்பிடியும் அதைச் சொல்லுவியள் எண்டு நம்பித்தானே அவரையும் கூட்டிக்கொண்டு வந்தனான்!”