காத்திராத கப்பல்

கரைச் சுற்றுலாவுக்குப் புறப்பட்டவர்களின் மார்பில், மூட்டைக்கு ஒட்டுவதுபோல, எண் எழுதிய தாளை உல்லாசக் கப்பல் ஊழியர்கள் ஒட்டினார்கள். நான் மறுத்துவிட்டேன்.

“தனியா வண்டி வச்சுப் போறவங்களுக்காகக் கப்பல் நிக்காது சார். அஞ்சு மணிக்குக் கிளம்பிடும்” என்றார் அதிகாரி.

அவர்களுடைய பட்டியலில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருந்தது. என் மனைவி செண்பகத்துடன் முப்பதாண்டுகளாகப் பேசாதிருக்கும் அவளுடைய அக்காள் வீடு இல்லை. ஆகவே, வழிகாட்டி அந்தோணியை நானே அமர்த்திக்கொண்டேன்.

ஒன்றரை மணி நேரப் பயணம். ரப்பர்த் தோட்டத்து வீட்டை நாங்கள் அடைந்தபோது மணி மூன்றேகால். அக்காள் வாவென்று சொல்லவில்லை. செண்பகத்தின் நரைத்த தலையைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே சென்று அரிசி களையத் தொடங்கினாள்.

“உலை வைக்கிறாங்க ஐயா. இப்பவே கிளம்பினாத்தான் கப்பலைப் பிடிக்கலாம்” என்றார் அந்தோணி.

செண்பகம் என் முகத்தைப் பார்த்தாள்.

“உங்க பொண்டாட்டிக்கு இன்னமும் குழைஞ்ச சோறுதான் இறங்குமா?” என்று அடுக்களையிலிருந்து அக்காள் என்னைக் கேட்டாள்.

கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன்.

“நல்லாவே குழையட்டும், அண்ணி.”