விதி எண் ஒன்பது

“வாய்ஸ் மெசேஜ் கூடாதும்மா. படமும் கூடாது. ஒன்பதாவது விதியில தெளிவாப் போட்டிருக்கேன்.”

ஜெபகுமார் தன் வீட்டு கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு சொன்னார். வெளியே இட்லி வண்டியோடு நின்ற முனியம்மாவுக்கு அது எதுவும் ஏறவில்லை.

“எய்தப் படிக்கத் தெரிஞ்சா நான் ஏன் சார் வாயால பேசி அனுப்புறேன்? ஒரே ஒரு போட்டோ. அத்தையும் அழிச்சிட்டு, என்னையும் குரூப்பை விட்டுத் தூக்கிட்டீங்க. இன்னா போட்டோன்னாவது பாத்தீங்களா?”

“நான் நடுவர். வெளியிலேருந்து வர்றதைப் பார்த்தா என் நடுநிலைமை என்ன ஆகிறது?”

“அது ஒண்ணுமில்ல சார், அந்தக் காலி எடத்துல...”

“ஸ்டாப்!” பஸ்ஸை நிறுத்துவதுபோல் கையை நீட்டினார். “அந்த இடத்தைப் பத்தி விவாதப் பகுதிக்கு வெளியே பேசக் கூடாது. நாலாவது விதி.”

“பள்ளமா இருக்கச்சொல்லவே போன மழைக்கு என் வாசப்படி வரைக்கும் தண்ணி. மேடாக்கிக் கடை கட்டினா மொத்தமும் என் வூட்டுக்குள்ளதான் பூரும். தண்ணி இன்னா, உங்க விதியப் படிச்சிட்டா வரும்?”

“தீர்ப்பு வரட்டும். முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?”

முனியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். விவாதம் தொடங்கி அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

கூடுவாஞ்சேரியை அடுத்த பொன்வயல் நகரின் வாட்ஸ்அப் குழுவில் அறுநூற்று நாற்பது பேர். குட்மார்னிங் ரோஜா, காணாமல் போன பூனை, பிளம்பர் நம்பர் என்று அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பூங்காவுக்கென்று விட்ட இடத்தில் கடைத்தொகுதி வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் குழு கொதித்தது. இருநூறு குடும்பங்கள் எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போட்டன. கல்லூரியில் இருபத்தெட்டு வருடம் வகுப்பெடுத்து ஓய்வுபெற்றவர், நாலு பேர் மதிப்பார்கள் என்று, அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பை ஜெபகுமாரிடம் விட்டார்கள்.

மறுநாள் காலையிலேயே ஜெயவேலு வந்தார். குழுவுக்குப் புதியவர்; இங்கே ஒரு மனை வாங்கிப் போட்டிருப்பதாகச் சொல்லிக்கொண்டார்.

“வெறும் கையெழுத்தக் குடுத்தா ஆபீஸ்ல தூக்கிக் கடாசிடுவான் சார். ரெண்டு பக்கமும் முறையாப் பேசி, உங்கள மாதிரி படிச்சவரு தீர்ப்பு எழுதி, அதோட சேத்துக் குடுத்தா அதுக்குன்னு ஒரு வெயிட்டு கீது. குரூப்புல விவாதத்துக்குன்னே தனியா ஒரு பகுதி ஆரம்பிங்க. கடை வேணும்னு பேச ஆள் கிடைக்கலையா, நானே பேசிட்டுப் போறேன். தோக்கறதுக்கும் ஒருத்தன் வேணும்ல?”

இருபத்தெட்டு வருடத்தில் எந்த மாணவனும் ஜெபகுமாரை இப்படிப் புரிந்துகொண்டதில்லை. சாயங்காலத்துக்குள் இருபத்திரண்டு விதிகள் எழுதி முடித்துவிட்டார். முந்நூறு சொல்லைத் தாண்டக் கூடாது. எதிராளியை ‘மாண்பமை எதிரணியாளர்’ என்றே விளிக்க வேண்டும். தீர்ப்பு வரும்வரை யாரும் எந்த அலுவலகத்துக்கும் போகக் கூடாது. அன்றைக்கே விவாதப் பகுதி திறந்தது. மனு மேசை டிராயருக்குள் போனது.

பூங்காவுக்காக வங்கி அதிகாரி ஆஷா எழுதினார். கடைக்காக ஜெயவேலு எழுதினார். சுற்றுக்கு ஒரு வாரம், மொத்தம் மூன்று சுற்று. பக்கத்து நகர்க்காரர்கள்கூட ஆள் பிடித்துக் குழுவில் சேர்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

மூன்றாவது சுற்று முடிந்த அன்று ஜெயவேலு போன் செய்தார்.

“அந்தம்மா பின்றாங்க சார்! எனக்கு இன்னும் ஒரே ஒரு சுற்று குடுங்க. எதிரணிக்கு வாய்ப்பே குடுக்காம தீர்ப்பு சொல்லிட்டாருன்னு நாளைக்கு உங்கள ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது பாருங்க.”

ஜெபகுமார் போனை வைத்த கையோடு குழுவில் அறிவிப்புப் போட்டார். நாலாவது சுற்றும் நடந்தது. தீர்ப்பு எழுத இன்னும் நாலு நாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பதினோரு பக்கத் தீர்ப்பு வெளியானது. பூங்காவுக்கே வெற்றி! அன்று ஒருநாள் மட்டும் ஒன்பதாவது விதியை அவர் தளர்த்தியிருந்ததால், கைதட்டும் பொம்மைகளும் மாலை போடும் பொம்மைகளுமாகக் குழு நிரம்பி வழிந்தது. ‘தீர்ப்புக்குத் தலைவணங்குகிறேன்’ என்று முதல் ஆளாகப் போட்டவர் ஜெயவேலுதான்.

திங்கட்கிழமை, சுருள் பைண்டிங் போட்ட தீர்ப்பையும் மனுவையும் எடுத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு ஜெபகுமார் நகராட்சி ஆபீசுக்குப் போனார். கிளார்க் தீர்ப்பைத் திறக்கவே இல்லை. மனுவின் தலைப்பை மட்டும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“ஆட்சேபம் சொல்ல முப்பது நாள்தான் சார். வெள்ளிக்கிழமையோட முடிஞ்சுபோச்சு. இருநூறு குடும்பம்னு போட்டிருக்கீங்க, ஒரு கடுதாசிகூட வரலையே! அந்த இடத்துலயே நோட்டீஸ் ஒட்டினோமே, ஒருத்தர்கூடவா பாக்கல?”

ஜெபகுமார் செல்போனை எடுத்தார். முனியம்மா அனுப்பி, குழுவில் அவர் அழித்த படம் அவருடைய கேலரியில் அழியாமல் இருந்தது. இரண்டு விரலால் பெரிதாக்கினார். காலி இடத்துக் கம்பத்தில் ஒட்டிய காகிதம். தேதி, விவாதப் பகுதி திறந்த அதே தேதி. கீழே, கடை கட்ட விண்ணப்பித்தவர் பெயர்: ஜெயவேலு.

கையிலேயே போன் அதிர்ந்தது. அந்தப் பெயரில்தான் மெசேஜ்.

‘சார், வண்டலூர்லயும் நம்ம பிளாட் போட்டு வித்த நகர் ஒண்ணு கீது. அங்கயும் ஜனங்க மனு கினுன்னு கத்திக்கினு கீறாங்க. ஒரு விவாதப் பகுதி ஆரம்பிச்சுக் குடுங்க, நீங்கதான் நடுவர். அந்த ஒன்பதாவது விதிய மட்டும் மறக்காம போட்டுடுங்க.’