கோபுர வாசலில் கயல்விழி

சிதம்பரம் கீழைக் கோபுர வாசலில் காலை வெயில் சாய்ந்து விழ, சுவரில் நடனமாடும் கல் பெண்களைக் காட்டிப் பேசிக்கொண்டிருக்கிறாள் கலை விமர்சகர் கயல்விழி. சுற்றிலும் கல்லூரி மாணவிகள். சற்றுத் தள்ளி, எங்கே போனாலும் தன்னைக் கயல்விழியின் தோழி என்று மட்டுமே சொல்லிக்கொள்ளும் சத்யப்பிரியா, இருவர் செருப்பையும் பையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். "மேடம், பொண்ணும் பொண்ணும் சேர்ந்து வாழலாம்னு எழுதுறது நீங்கதானே?" என்கிறாள் ஒரு மாணவி. மேலே புறாக்கள் சிறகடிக்க, கயல்விழி அவள் பக்கம் திரும்புகிறாள். "எழுதுறது மட்டுமில்லம்மா, வாழ்ந்துகிட்டும் இருக்கேன். அதோ நிக்கிறாங்களே, அவுங்களோடதான்." அதே குரலில் கயல்விழி சுவரைக் காட்டுகிறாள்: "இந்தப் பாதத்தைப் பாருங்க, எவ்ளோ லேசா தூக்கியிருக்கு." அந்தக் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. சத்யப்பிரியா நிமிர்ந்து அவளையே பார்க்கிறாள். கேள்வி கேட்ட மாணவி நகர்ந்து சத்யப்பிரியாவுக்கு இடம் விடுகிறாள். "இங்க வந்து நில்லுங்க மேடம், நல்லா தெரியுது."